கீழே பார்த்த இசக்கியம்மாள்

காலை ஆறு பத்து.

ஸ்டேஷன் போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கமித்ரா எரிச்சலோடு அதைப் பார்த்தாள். இரவு டியூட்டி முடிய இன்னும் ஐம்பது நிமிஷம். அதுவரை ராயபுரத்தில் எவனும் செத்துத் தொலைக்காமல் இருந்தால், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கலாம்.

செத்திருந்தான்!

எதிர்முனையில் ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு. பதற்றமே இல்லை.

"எழுப்புனா எழும்ப மாட்டேங்காவ. ஒரு எட்டு வந்து பாருங்க."

மாசானம் பாத்திர மண்டி, மேல்மாடி. விலாசத்தைச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் ஜீப் அங்கே நின்றது. சங்கமித்ராவும் ஏட்டு வல்லரசுவும் படியேறினார்கள். கதவைத் திறந்தவள் கறுத்து, ஒல்லியாக, சாயம் போன நைட்டியில், கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

ஹாலில்... சாய்வு நாற்காலியில்... மாசானம்.

மண்டி முதலாளி. வயது ஐம்பது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் பால் குடித்த டம்ளர். எட்டு மாசத்துக்கு முன்னால்தான் மணலியிலிருந்து இந்த வீட்டுக்குக் குடி வந்தவர்.

சங்கமித்ரா நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவர் முழுக்க ஒரு படம்!

ஆறடி உயர ஆயில் பெயின்டிங். தங்க முலாம் பூசிய சட்டம். பால் நிறத்தில் ஒரு பெண். கூர்மையான மூக்கு. மூடிய சின்ன வாய். கழுத்து நிறைய ஆரம், இடுப்பில் ஒட்டியாணம், கையில் தாமரை. கண்கள் மட்டும் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடியில் பித்தளைப் பட்டையில் பெயர்: திருமதி இசக்கியம்மாள் மாசானம்.

"முதலாளியம்மா எங்கே?" என்று சங்கமித்ரா கேட்டாள்.

துடைப்பக்காரி முகவாயால் படத்தைக் காட்டினாள்.

"அது தெரியுது. ஆள் எங்கே?"

அவள் தரையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். 'பாவம், பயந்துபோயிருக்கிறாள்' என்று சங்கமித்ரா விட்டுவிட்டாள்.

படுக்கையறை பீரோ திறந்து கிடந்தது. உள்ளே துணிமணிதான். நகையென்று குண்டுமணி கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் எழிலன் போனிலேயே கேஸை முடித்துவிட்டார். பாலில் விஷம், நகை கொள்ளை, மனைவி கடத்தல். படத்தில் இருக்கிற நகையெல்லாம் ஒன்றுவிடாமல் எஃப்.ஐ.ஆரில் ஏற்றச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"சாயங்காலத்துக்குள்ள அந்தம்மா கிடைக்கணும் சங்கமித்ரா. இல்லேன்னா கேஸ் தனிப்படைக்குப் போயிடும். நீங்க பழையபடி சிக்னல்ல நின்னு லாரி எண்ணுங்க."

ஆறு வருஷம்! ஒரு கொலைக் கேஸுக்காக ஆறு வருஷம் காத்திருந்தவள் அவள். அதுவும் போகட்டும். கடத்தியவன் கையில் ஒரு பெண் சிக்கிக்கொண்டிருக்கிறாளே... சாயங்காலம் வரை அவளை உயிரோடு வைத்திருப்பானா?

தடயவியல் ஆட்கள் பவுடரைத் தூவி, படமெடுத்து, பிணத்தை ஏற்றி அனுப்பினார்கள். நடுவில் டீ வந்தது. துடைப்பத்தை வைத்துவிட்டு அந்தப் பெண்ணே போட்டிருந்தாள். சங்கமித்ராவிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். சங்கமித்ரா போனில் இருந்ததால் டீயைக் குடித்தபடியே தலையை மட்டும் ஆட்டினாள். வல்லரசு ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சூப்பர் டீ மேடம். நம்ம வூட்ல இப்டி ஒரு டீ கெடைச்சா நான் ஏன் ஸ்டேஷன்லயே கெடக்கறேன்."

"அந்தம்மாகிட்ட ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு அனுப்பிடுங்க வல்லரசு. பாவம், விடியக்காலைலேர்ந்து நிக்குது," என்று சொல்லிவிட்டு சங்கமித்ரா இறங்கினாள்.

அடுத்த ஐந்து மணி நேரம்... சனியன் பிடித்த ஐந்து மணி நேரம்!

இசக்கியம்மாளின் போட்டோ ஒன்று வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்கவில்லை. மாசானத்தின் செல்போனில் குக்கர், அண்டா, எவர்சில்வர் குடம் என்று ஆயிரத்தெட்டு படம் இருந்தது, பெண்டாட்டி படம் ஒன்று கூட இல்லை. அவளுடைய ஆதார் அட்டையில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கறை. மண்டி ஆட்களை மாடிக்கே ஏற விட்டதில்லையாம். ஆயுத பூஜைக்கு மட்டும் மேலே கூப்பிட்டு, படத்தைக் காட்டி, 'உங்க முதலாளியம்மா' என்று கும்பிட வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். கல்யாணத்தில் பார்த்ததுதான், அப்போது பெண் தலை நிமிரவே இல்லை என்று போனில் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் பெயின்டிங்கையே போட்டோ எடுத்து வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அனுப்பினாள்.

தகவல் கொட்டியது. திருவொற்றியூரில் ஒரு கல்யாணப் பெண்ணை மணவறையிலிருந்தே எழுப்பி விசாரித்திருக்கிறார்கள். எண்ணூரிலிருந்து ஒருவன், அந்தப் பொம்பளை ரோட்டோரமாகவே நிற்பதாகச் சொன்னான். டேங்கர் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் மாட்டி, வியர்வையில் நனைந்து போய்ப் பார்த்தால்... நகைக்கடை விளம்பரப் பலகை!

சங்கமித்ராவுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. ஜீப்பின் டேஷ்போர்டை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கைதான் வலித்தது.

செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தாமரைக்குக் கீழே, மூலையில், பொடி எழுத்தில் ஒரு பெயர்.

ஃப்ரெடி, கல்மண்டபம்.

*

ஃப்ரெடியின் கடை நிறைய செத்தவர்கள் இருந்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்தால் மூன்று நாளில் ஆளுயரத்துக்கு வரைந்து மாலை போட ரெடியாகக் கொடுப்பது அவருடைய தொழில். அறுபது வயது. கட்டம் போட்ட லுங்கி, காதில் பிரஷ்.

சங்கமித்ரா செல்போனை நீட்டினாள். ஃப்ரெடி பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் வரைஞ்சேன். இன்னா இப்போ?"

"இந்தம்மாவைக் காணோம் பெரியவரே. வீட்டுக்காரர் செத்துட்டாரு. அடையாளம் சொல்லுங்க."

"இவங்கள நீங்க தேடவே முடியாது மேடம். இப்டி ஒருத்தி கெடையாது."

"விளையாடாதீங்க."

"சத்தியமா. மூக்கு ஒரு காலண்டர்லேர்ந்து எட்த்தேன். கலரு மாசானம் சொன்னது. மாவு மாரி வேணும்னாரு. நகை எல்லாம் நானா போட்டது."

சங்கமித்ரா செல்போனை மறுபடி பார்த்தாள். "நகையுமா?"

"ஆரம், ஒட்டியாணம், வளையலு... எல்லாமே மஞ்ச பெயின்ட்டு மேடம். அந்தம்மா கழுத்துல தாலிக் கயிறு மட்டுந்தான் கீது."

எஃப்.ஐ.ஆரில் ஏறிய நகையெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயின. இன்ஸ்பெக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

"ஏன்யா, உள்ளதை உள்ளபடி வரையத் தெரியாதா உங்களுக்கு?"

ஃப்ரெடிக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரஷ்ஷைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் போட்டார்.

"எவன் மேடம் வரைஞ்சான் உள்ளபடி? ராஜா காலத்துலேர்ந்து இதான் கதை. ராணி திரைக்கு அந்தாண்ட, வரையறவன் இந்தாண்ட. ராஜா வாயால சொல்லுவாரு, இவன் வரைவான். சீமைல மட்டும் இன்னா? தொரசாணி குண்டா இருந்தா தொரைக்கு ஒல்லியா வேணும். பொண்ணு பாக்க படம் அனுப்புவானுங்க, அம்மைத் தழும்ப அழிச்சிட்டு. ஜமீன்தாரு பொண்டாட்டின்னா லட்சுமி மாரி நிக்கணும். பொம்பள படத்துக்குக் காசு குடுக்கறவன் ஆம்பள. அவன் இன்னா பாக்கணும்னு நெனைக்கறானோ அதான் படம்."

"கண்ணு ஏன் கீழே பாக்குது?"

"எல்லாப் படத்துலயும் பாருங்க. கீழ பாக்கும், இல்லாங்காட்டி ஓரமா பாக்கும். நேரா பாக்கற பொம்பளைய எவன் வூட்ல மாட்டுவான்? சோறு துன்னும்போது அவனையே மொறைச்சிகினு இருக்கும். பேஜாரு."

சங்கமித்ரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மணி ரெண்டரை. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவை நேர்ல பாத்திருக்கீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஃப்ரெடி மேஜையில் போட்ட பிரஷ்ஷை மறுபடி எடுத்துக் காதில் செருகினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாலு நாள் எதிர்ல உக்காந்தாங்க. மொதல்ல உள்ளபடிதான் வரைஞ்சேன் மேடம். என் ஆயுசுலயே நல்ல படம் அது. மாசானம் வந்து பாத்துட்டு, இதைப் போய் ஊரைக் கூட்டிக் காட்றதான்னு கத்தினாரு. அந்தம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. மேலயே வேற மூஞ்சி வரையச் சொன்னாரு. அதான் அடிச்சேன்."

"அப்போ அது போச்சா?"

"போவல. மனசு வரல. அடில வார்னிஷ் போட்டுட்டு, அதுக்கு மேலதான் இந்த வேஷத்தப் பூசினேன். டர்பன்டைன் வெச்சி தொடைச்சா மேல் பூச்சு மட்டும் வந்துரும்."

சங்கமித்ரா அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜீப்பில் ஏற்றினாள்.

*

மாடி வீட்டில் வல்லரசு மட்டும் காவலுக்கு இருந்தார். ஃப்ரெடி ஸ்டூலில் ஏறினார். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, பால் நிறக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார்.

கன்னம் கரைந்தது.

கறுப்புத் தோல் எட்டிப் பார்த்தது.

காலண்டர் மூக்கு வழிந்து ஓடியது. அடியில் அகலமான, சொந்த மூக்கு. ஆரம் மஞ்சள் சேறாகச் சட்டத்தில் சொட்டியது. கழுத்தில் ஒரு தாலிக் கயிறு. வாய் லேசாகத் திறந்திருந்தது, முன்பல் ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி. கடைசியாக, கீழே பார்த்த இமைகளின் மேல் பஞ்சு போனது.

கண் திறந்தது!

நேராகப் பார்த்தது. சங்கமித்ராவையே பார்த்தது.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறந்த முகம். சர்க்கரை போதுமா என்று கேட்ட முகம்.

"அடக் கடவுளே..." வல்லரசு சுவரோடு சாய்ந்தார்.

ஃப்ரெடி ஸ்டூலிலிருந்து இறங்கினார். இந்தப் படத்தைத் திறந்து வைத்த நாளன்றும் இதேதான் நடந்தது என்றார். வந்தவர்கள் வீட்டம்மா எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் மாசானம். அப்போது தட்டில் டீ எடுத்து வந்தவள் அவள்தான். அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள்தான் வேலைக்காரி.

"தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையா நீங்க?" என்றாள் சங்கமித்ரா.

"காசு வாங்கிட்டேனே மேடம்," என்று தலையைக் குனிந்துகொண்டார் ஃப்ரெடி.

சங்கமித்ரா வல்லரசு பக்கம் திரும்பினாள். குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஸ்டேட்மென்ட்டில பேர் என்ன எழுதினீங்க?"

"பேரு... கேக்கல மேடம். வேலைக்காரப் பெண், வயசு சுமார் நாப்பதுன்னு..."

"ஆள் எங்கே?"

"நீங்கதான அனுப்பச் சொன்னீங்க? நானே ஷேர் ஆட்டோ புடிச்சி ஏத்தி வுட்டேன். அழுதுகினு போவுதுன்னு நெனச்சேன் மேடம்... இப்போ யோசிச்சா சிரிச்சா மாரி கீது."

"எந்தப் பக்கம் போச்சு ஆட்டோ?"

வல்லரசு அதைப் பார்க்கவில்லை.

சங்கமித்ரா சமையலறைக்கு ஓடினாள். டம்ளர்கள் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ரேகை எங்கே இருக்கும்? வீட்டையே காலையில் பெருக்கித் துடைத்துவிட்டுத்தானே போயிருக்கிறாள்... போலீஸ் கண் முன்னாலேயே! அவள் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. முதலாளியம்மா எங்கே என்று கேட்டதற்குப் படத்தைக் காட்டினாள். மிச்சத்தை நாம்தான் வரைந்துகொண்டோம் என்று நினைத்தபோது சங்கமித்ராவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செல்போன் அடித்தது. பிரேதப் பரிசோதனை டாக்டர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், விஷம் வழக்கமான ரகம் இல்லை. குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. நல்லா நடமாடிட்டே இருப்பாங்க. எட்டு ஒன்பது மணி நேரம் கழிச்சுத்தான் ஆளைத் தூக்கும்."

லைன் துண்டிக்கப்பட்டது.

வல்லரசு மெதுவாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். விரல் விட்டு எண்ணினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்... காலைல ஏழரைக்கு... ரெண்டு டம்ளரு..."

சங்கமித்ராவின் கையும் தானாகத் தன் வயிற்றுக்குப் போனது.

ஃப்ரெடி டர்பன்டைன் பாட்டிலை நிதானமாக மூடினார்.

"ஒண்ணும் ஆவாது நைனா. எதுக்கும் ஆளுக்கொரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குட்த்து வைங்க... செவப்பாவே வரைஞ்சிர்லாம்."