பின்பாரம்

பிரேக்கை மிதித்து வண்டி நின்ற பிறகு, கண் இமைக்கும் நேரம் கழித்து, அது இன்னொரு முறை மூக்கைத் தாழ்த்தியது.

முதல் முறை தாழ்ந்தது கோபிநாத்துக்குப் புரிந்தது. வேகமாக வரும் வண்டியை நிறுத்தினால் பாரமெல்லாம் முன்னால் போய் விழும். இரண்டாவது எதற்கு? பின்னால் கட்டாமல் கிடந்த ஏதோ ஒன்று சறுக்கி வந்து நின்றதைப் போல இருந்தது. ஆனால் பின்னால் எதுவுமே இல்லை. எடை குறையட்டும் என்று பின் சீட்டையும் மெத்தையையும் அவனே கழற்றி எறிந்திருந்தான். வெறும் தகரம்தான்.

மீமிசலுக்கு அப்பால், யாரும் நடத்தாமல் விட்ட ஓர் இறால் பண்ணைக்குள் போகும் தார்ச்சாலை அது. இரண்டு பக்கமும் குட்டைகள். கிழக்கே மதகுச் சுவரோடு சாலை முடிந்துவிடும். பொழுது விழுந்து காற்றும் நின்றுபோயிருந்த அந்த நேரத்தில், சூடேறிய பிரேக்கின் கருகல் வாடையும் குட்டைச் சேற்றின் அழுகல் வாடையும் ஒன்றாகக் கலந்து, திறந்திருந்த சன்னல் வழியே மெல்ல உள்ளே இறங்கி, அவன் தொண்டையில் உப்பாகப் படிந்தது.

டயர் தடம் பார்ப்பதற்காக மதகருகே நின்றிருந்த அவன் மனைவி இளமதி, செல்போன் வெளிச்சத்தோடு நடந்து வந்தாள்.

"என்னங்க, இப்பவும் பின் டயருதான் மொதல்ல சுத்தாம பூட்டிக்கிட்டு இழுத்துருக்கு. வாலு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுனுச்சு. போதும், வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் ரெண்டு ஓட்டம்தான், இளா. நாளைக்கு விடியக் கெளம்பணும்ல?"

அவளுக்கும் அது தெரியும். குவைத்தில் கிரேனுக்குள் உட்கார்ந்து அவன் கனவு கண்ட வண்டி இது. பழைய கார், இஞ்சின் பின் சக்கரங்களைத்தான் சுழற்றும். ஒவ்வொரு லீவிலும் வந்து, இஞ்சினை மாற்றி, பிரேக்கை மாற்றி, ஒரு வழியாக ரேஸ் வண்டி ஆக்கியிருந்தான். கோயம்புத்தூரில் போட்டி. அது முடிந்த கையோடு விமானம். போன முறை அதே டிராக்கில் பின் சக்கரம் பூட்டி, வால் சுழன்று, சுவரோரம் வரை போய் உயிர் பிழைத்து வந்தவன். இன்றைக்குச் சரிசெய்யாவிட்டால் இனி எப்போது?

கியர்க் கம்பியின் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருந்தது. அதைத் திருகத் திருக, பிரேக்கின் பிடி பின் சக்கரங்களை விட்டு முன் சக்கரங்களுக்குப் போகும். இரண்டு சுற்று திருகினான். இளமதி மதகுக்குத் திரும்பிப் போனாள். மேற்கே மிச்சமிருந்த வெளிச்சம் போதும் என்று விளக்குப் போடாமலே ஓட்டினான்.

மிதித்தான். வண்டி நின்றது.

தொம்.

இந்த முறை சத்தமே கேட்டது. திரும்பி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். பின் கண்ணாடியில் தொடங்கி, பாதித் தகரம் வரைக்கும், ஈரச் சாக்கை இழுத்த மாதிரி ஒரு தடம். தொட்டான். சேறு. ஐஸ் போலக் குளிர்ந்தது. கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்தான். வாடை போகவில்லை.

இளமதி போனில் வந்தாள். "பின்னாடி என்னத்த ஏத்திருக்கீங்க? நெல்லு மூட்டை ஏத்துன மாரி வண்டி தாழ்ந்து வருது."

"ஒண்ணுமில்லைங்கிறேன்ல!" அவன் இத்தனை சத்தமாக அவளிடம் பேசியதே இல்லை. "போனை வைக்காத. கடைசி ஓட்டம்."

திருகை முழுதாக முன்னால் திருகினான். அதற்குமேல் அது சுற்றாது. பின் சக்கரங்களுக்கு இனி பிரேக் இல்லையென்றே சொல்லலாம். ரேஸ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சாலையின் தலைமாட்டிலிருந்து கிளப்பினான். இஞ்சின் உறுமியது. முதுகு சீட்டில் அழுந்தியது.

பின்னால் தகரத்தில், சர்ர்ர் என்று, ஈரமாக ஏதோ விலகிப் போனது.

"என்னங்க…" போனில் இளமதியின் குரல் மெலிந்திருந்தது. "ஒங்களுக்குப் பின்னாடி யாரு?"

அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

"பின் கண்ணாடி வெளிச்சத்துல தெரியுதுங்க. குனிஞ்சு ஒக்காந்துருக்கு. தலை மேக்கூரையில இடிக்குது."

தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் புரிந்துவிட்டது. வேகம் கூட்டினால் அது பின்னால் போகிறது. பிரேக் அடித்தால் முன்னால் வருகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன்தான் அதைத் தன்னிடம் இழுத்துக்கொண்டிருந்தான்.

மதகுச் சுவர் வந்துகொண்டிருந்தது. சுவருக்கு முன்னால் இளமதி.

"தள்ளிப் போ! இளா, தள்ளு!"

அவள் அசையவில்லை.

கியரைக் குறைத்தான். வண்டி தளர்ந்தது. தளர்ந்த அளவுக்கு அதுவும் நகர்ந்தது. சேற்று வாடை சீட்டைத் தாண்டி வந்தது. பிடரியில் குளிர். இன்னொரு கியர். காதருகில் தண்ணீர் சொட்டும் ஒலி.

சுவர்.

இளமதி.

மிதித்தான்.

முன் சக்கரங்கள் அலறின. வண்டி நேராக நின்றது. வால் ஆடவே இல்லை. அவன் கேட்ட மாதிரியே நின்றது. பானெட்டுக்கும் இளமதிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது.

அவன் சீட்டின் முதுகில், மெதுவாக, முழுப் பாரமும் வந்து சாய்ந்தது.

"இறங்குங்க," என்றாள் இளமதி. குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தன.

பெல்ட்டின் கொக்கியைத் தேடினான். விரல்கள் அதில் வழுக்கின. திறக்கவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. நெஞ்சைக் கடந்தது. மடியைக் கடந்தது. முழங்காலைக் கடந்து, இன்னும் முடியாமல் நீண்டு, கிளட்ச்சை மிதித்திருந்த அவன் இடது கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது.

இன்னொரு கை ஆக்ஸிலேட்டரைத் தேடிப் போனது.

"இளா…"

வலது காலால் பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தான். இடது கால் மெல்ல மேலே தூக்கப்பட்டது. இஞ்சின் அலறியது. பிரேக் இல்லாத பின் சக்கரங்கள் புகையைக் கக்கிக்கொண்டு சுழன்றன. பின்வாங்கிய இளமதியின் முதுகு மதகுச் சுவரில் முட்டியது; இரண்டு பக்கமும் குட்டை. முன் டயர்கள் பூட்டியது பூட்டியபடியே, உருளாமல், தாரில் படிந்த உப்பு மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக அவளை நோக்கிச் சறுக்கத் தொடங்கின.