கூப்பிட்டது யார் என்று பார்க்கவில்லை

பள்ளி விடுமுறை என்பதால் அன்று மாதுமையையும் வேலைக்கு அழைத்துப் போனேன். என் மகள்; ஆறு வயது. எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ.

பத்து காஜா ஊரைத் தாண்டி, மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரிதான் எங்கள் அலுவலகம். நோயாளியின் கட்டில் மணியைத் தாதியர் அறைக்குக் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் கார்டுக்கு நானும் என்னோடு வேலை செய்யும் தேவனும் டிரைவர் என்னும் இயக்கு நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். மாதுமை பக்கத்து வார்டில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். வெளியே பிற்பகல் மூன்று மணிக்கு வழக்கமாக வரும் மழை.

கார்டுக்குச் செய்தி வந்தால் அது கணினியைக் கூப்பிடும். இன்டரப்ட் என்போம். ஒரே கம்பியில் பல கருவிகள் கூப்பிடலாம். அதனால் கூப்பிட்டது நம் கார்டுதானா என்று டிரைவர் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'என் ஆள் இல்லை' என்று விட்டுவிட வேண்டும். எங்களுக்கோ கேபிளைப் பிடுங்கிய பிறகும் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அழைப்பு. எந்தக் கருவியும் கூப்பிடவில்லை. ஐந்து நாளாக இதே கூத்து. எரிச்சலில் ஒரு வரியை மாற்றினேன்: யார் கூப்பிட்டாலும் 'என் ஆள்தான்' என்று பதில் சொல்.

தேவன் திரையைப் பார்த்தான். அவன் இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன்.

"யாருன்னு பாக்காம பதில் குடுக்கிறீங்களே அண்ணே. எங்க லயத்துல மூணு தடவ கூப்பிட்டாதான் வாய தொறப்போம். பேய் மூணு தடவ கூப்பிடாதாம்."

"கம்ப்யூட்டர்ல ஏதுலா பேய்?" என்று சிரித்தேன்.

அழைப்புகள் சட்டென்று அடங்கின. பிறகு திரையில் அழைப்புகளின் எண்ணிக்கை மெதுவாக ஏறத் தொடங்கியது. நான்கு விநாடிக்கு ஒன்று.

எங்கிருந்தோ டிங்சர் மருந்து வாடை அடித்தது.

பக்கத்து வார்டில் மாதுமையின் குரல். "வாரேன்."

எண் ஒன்று ஏறியது.

"வாரேன்."

"யார்கிட்டம்மா பேசுற?"

"கூப்பிடுறாங்கப்பா. அவங்க நம்ம ஆளுங்கதான்னு நீங்க சொல்லிட்டீங்களாம்."

அந்த வரியை அழித்தேன். எண் ஏறியது. தேவன் கார்டையே பிடுங்கினான். ஏறியது. ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தான். திரை கறுத்தது.

"வாரேன்."

அவளைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குக் காரை விரட்டினேன். பின்சீட்டில் தூங்கிவிட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது.

டாக்டர் பார்த்தார். கோயிலில் திருநீறு போட்டார்கள். தேவன் தன் அம்மாவைக் கேட்டுவிட்டுப் போன் செய்தான். "குடுத்த பதில திருப்பி வாங்க வழி இல்லியாம் அண்ணே." அழுதுவிட்டான். எழுதிய வரியை அழிக்க எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி சிவாஜினி என்னோடு பேசுவதில்லை. மகளின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.

மாதுமை காலில் போட்ட சப்பாத்தைக் கழற்ற விடுவதில்லை. போட்டபடியே தூங்குகிறாள்.

போன வாரம்வரை நான்கு விநாடிக்கு ஒரு முறை அவள் உதடு 'வாரேன்' என்று அசைந்தது. இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

மூன்று.