தோல் வழியே வா, மரணமே!

"ஐயோ... நண்டு! சுவரெல்லாம் நண்டு!"

தடித்த இரும்புக் கதவையும் தாண்டி வந்தது அந்த அலறல்.

கேப்டன் ஆர்ச்சி!

இறால் படகின் உறைகுளிர் அறைக்குள் நொலீன் உறைந்து நின்றாள். படகின் சமையல்காரி. மீன் எடுக்க வந்தவளை உள்ளே விட்டுத் தாழ் போட்டுவிட்டான் துணைக் கேப்டன் பிரென்ட். உள்கைப்பிடி உடைந்து கிடந்தது.

சுற்றிலும் ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடா. கரை கண்ணுக்கே தெரியாது.

"டேய் பிரென்ட்! தொறடா!"

"கேப்டன் சாப்பாட்டுல விஷம் வச்சவளுக்குக் கதவா? போலீஸ் வர்ற வரைக்கும் உள்ளயே கெட!"

"அதுக்குள்ள கட்டியாயிடுவேன்டா!"

"நல்லதுதானே... கெட்டுப் போகமாட்டே!"

பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் யோசித்தாள்.

"அவர் கண்ணு எப்படியிருக்கு?"

"கருவிழி விரிஞ்சு கெடக்கு. வாய் காஞ்சிருக்கு. உடம்பு அனல்... வேர்வையே இல்ல."

நொலீனுக்குப் பொறி தட்டியது. கெய்ர்ன்ஸ் நகரில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் அவள். இது சாப்பாட்டு விஷமில்லை!

வலையில் சிக்கிய ஜெல்லி மீன்கள் ஆர்ச்சியின் மார்பையும் கைகளையும் புண்ணாக்கியிருந்தன.

"அரிப்பு க்ரீம் பூசினியா?"

"உடம்பு முழுக்க! மேல பிளாஸ்டிக் தாள் சுத்தினேன். அலர்ஜி மாத்திரையும் குடுத்தேன்."

"அடப்பாவி! ரெண்டுலயும் ஒரே மருந்துடா! நல்ல தோல் வேலி மாதிரி தடுக்கும். புண்ணான தோல்ல வேலியே இல்ல. பிளாஸ்டிக் சுத்தினா சூட்டுல இன்னும் வேகமா ரத்தத்துல எறங்கும்... புத்தி பேதலிச்சிடும்! பிரிச்சுக் கழுவு! ரேடியோல டாக்டரைக் கூப்பிடு! பொழைச்சுக்குவார்!"

வெளியே சிரிப்பு.

"புண்ணுல பூசாதே, மாத்திரையோட சேர்க்காதேன்னு டப்பாவுலயே போட்டிருக்கு நொலீன். அதைப் படிச்சுட்டுத்தானே பூசினேன்!"

நொலீன் கதவை ஓங்கி அறைந்தாள்.

"ஏன்டா...?"

"படகு எனக்கு. பழி உனக்கு!"

அவ்வளவுதான். விரல்கள் மரத்தன. கண்கள் சொருகின. குரல் மட்டும் மிச்சமிருந்தது.

"தொறங்க... யாராவது தொறங்க..."

தொம்!

வெளியே ஏதோ விழுந்தது.

கிறீச்... கதவு திறந்தது!

பிளாஸ்டிக் சுற்றிய உடம்போடு, இரும்புக் கம்பியோடு, ஆர்ச்சி! அவர் காலடியில் பிரென்ட், மயங்கிக் கிடந்தான்.

"பெரிய நண்டு ஒண்ணு வழி மறிச்சுது. ஒரே போடு!" என்றார் ஆர்ச்சி. "உள்ள இறாலுங்க 'தொற, தொற'ன்னு அழுதுச்சு. மனசு கேக்கல."

பூசியவன் கொல்லப் பூசினான். அந்த மருந்து கிளப்பிய பைத்தியமே அவளைக் காப்பாற்றிவிட்டது!

நொலீன் தள்ளாடி வெளியே வந்தாள். பிரென்டின் கைகளைக் கயிற்றால் கட்டினாள். ரேடியோவில் டாக்டரை அழைத்தாள். பிளாஸ்டிக்கைப் பிரித்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

ஆர்ச்சி அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ என்ன வகை இறால்?"

"புலி இறால், கேப்டன்! கையைத் தூக்குங்க... கழுவணும்!"