திருப்பத்துக்குத் திரும்பியவர்கள்

முட்டுச்சந்தில் பிரேக் சத்தம் கேட்க நியாயமே இல்லை. சந்தின் ஒரு முனையில் உயரமான மதில். மறுமுனையில், கார் நுழைந்தால் கண்ணாடிகளை மடக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் குறுகிய வாய். அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் காலை ஊன்றி ஊன்றித்தான் வருவார்கள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, வீடுகளில் விளக்குப் போடும் நேரத்தில், அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு நேர் கீழே கனமான வண்டியொன்று முழு வேகத்தில் வந்து பிரேக்கை மிதிப்பதும், டயர் தாரைச் சுரண்டிக்கொண்டே போகிற நீளமான கிறீச்சலும், அது ஓய்ந்ததும் ஈரத் தாரின் வாசனையும் பெட்ரோல் நெடியும் கம்பிகளுக்கிடையே உள்ளே வருவதும் வழக்கமாகிவிட்டிருந்தன. எட்டிப் பார்த்தால் தெரு காலியாக இருக்கும். மழை பெய்த சுவடும் இருக்காது.

"மெயின் ரோட்டுல எவனாவது மிதிச்சிருப்பான்," என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆபீஸ்லயும் ஆக்ஸிடென்ட், வீட்லயும் ஆக்ஸிடென்ட்னா மனுஷனுக்குக் காது இப்படித்தான் கேக்கும்."

காலையில் வாசல் கூட்டும்போது துடைப்பத்தில் ஏதோ நெறநெறவென்றது. குனிந்து பார்த்தாள். உப்புக்கல் மாதிரி பொடிப்பொடியான கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி இப்படி உடையாது, நீளநீளமாகச் சிதறும். இது காரின் கண்ணாடி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அப்படி உடைந்த கண்ணாடியை அவள் எத்தனையோ சாலை ஓரங்களில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

சாலைப் பாதுகாப்புப் பிரிவில், விபத்துகளை வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. போலீஸிலிருந்து வரும் ஒவ்வொரு விபத்துக்கும் கணினியில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளிகள் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு விழுந்தால், அது தற்செயலா, சாலையிலேயே கோளாறா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பாள். தற்செயலாக அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று கணக்கு சொன்னால் அந்த இடம் திரையில் சிவக்கும். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'செவப்பு மேடம்' என்று பெயர். "செவப்பு மேடம் வந்தாச்சு, யார் ரோட்டுக்குக் காய்ச்சலோ" என்று கேன்டீனில் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்று திரையைத் திறந்ததும் அவள் சிரிப்பு நின்றது. பாலம் இறங்கியதும் வருகிற, இத்தனை நாளும் சிவந்து கிடந்த திருப்பம் பச்சையாக இருந்தது.

புதுச் சாலை அது. எந்தத் திருப்பத்திலும் சாலை உள்பக்கமாகச் சாய வேண்டும். அங்கே வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். வேகமாக வருகிற வண்டியைச் சாலையே தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோலத் தள்ளிவிடும். தள்ளின இடத்தில் தடுப்புச் சுவரும் கிடையாது, கீழே கல்லும் பள்ளமும்தான். அவளே சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய், லாரிகள் புழுதி வாரி முகத்தில் அடிக்க அடிக்க வைத்துப் பார்த்திருக்கிறாள். எழுதியும் கொடுத்திருக்கிறாள், அலுத்துப்போகும் வரைக்கும். அந்தத் திருப்பம் பச்சையாகிறதென்றால் ஒன்று சாலையைச் சரிசெய்திருக்க வேண்டும். இல்லை, செத்தவர்களை யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வரைபடத்தை நகர்த்திக்கொண்டே போனாள். சிவப்பு வேறோர் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு சின்ன வட்டம், ரத்தக்கட்டு மாதிரி. பெரிதாக்கினாள். தெரு தெரிந்தது. மதில் தெரிந்தது. அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

அந்தப் புள்ளியைத் தட்டினாள். ஒரு புள்ளி இல்லை அது. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், திருப்பத்தின் அத்தனை பேரும். பெயர் இருக்காது, வயதும் வண்டியும்தான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு எல்லோரும் தெரிந்தவர்கள். ஹெல்மெட் போட்டிருந்தும் செத்த பால் வண்டிக்காரர். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த புதுப்பெண். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று.

பக்கத்து இருக்கையில் பதிவு வேலை பார்க்கும் பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இருக்கிற வயது. அவர் இவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பெரியவர் பக்கத்துலயே நின்னுக்கிட்டாரு. எடம் தெரியலைன்னு போடச் சொன்னாரு. அப்படிப் போட்டா மிஷினே வார்டுக்கு நடுவுல கொண்டு போய் வெச்சிடும். உனக்குத் தெரியாததா?"

"வார்டுக்கு நடுவுல எங்க வீடு இருக்குக்கா."

"அது மிஷினுக்குத் தெரியுமாம்மா?"

பெரியவர் என்பது தலைமைப் பொறியாளர். அவர் அறையில் ஏ.சி. எப்போதும் பல் கிட்டுகிற குளிரில் ஓடும். அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அந்த ரோட்டுக்கு இந்த வாரம் தரச் சான்று கையெழுத்தாகணும். திருப்பம் செவந்து கெடந்தா எப்படிம்மா போடுறது?"

"ரோட்டச் சரி பண்ணிட்டுப் போடுங்க சார்."

"ஒருத்தரையும் நான் அழிக்கலையே. மொத்தக் கணக்கு அப்படியே இருக்கு பாரு. எடம் மட்டும்தான் தெளிவா தெரியலைன்னு..."

"தெரியும் சார். ஒவ்வொரு எடத்துலயும் நான் போய் நின்னிருக்கேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழந்தையிடம் பேசுகிற குரலில், சொல்லப்போனால் பிரியமாகவே, சொன்னார்: "செத்தவங்களுக்கு எங்க வெச்சா என்னம்மா?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. வாய்க்குள் வந்த சொல் எதுவும் அலுவலகத்தில் சொல்லக்கூடியதாக இல்லை. அந்த மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து அவர் நெற்றியில் எறிவதுபோலக் கை ஒருதரம் துடித்து அடங்கியது. தன் இருக்கைக்குத் திரும்பி, புள்ளிகளை இழுத்துத் திருப்பத்தில் போடலாம் என்று மவுஸைப் பிடித்தாள். மாற்றம் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். சாவியைத் திருப்பினாள், கோபம். பாத்திரத்தைத் தேய்த்தாள், கோபம். வெளியே வெளிச்சம் மங்கி, எதிர்வீட்டில் விளக்கு எரிந்து, குழாயில் தண்ணீர் விழும் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லாமல் தெரு அடங்கியபோது, தூரத்தில் எங்கோ புறப்பட்டுப் பெருகிப் பெருகி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது அந்தக் கிறீச்சல். தார் வாசனை. பெட்ரோல். அதற்கு அடியில், அன்றைக்குத்தான் முதல்முறையாக, இரும்புபோல நாக்கில் ஒட்டும் இன்னொரு வாசனை.

பயம் வந்தது. ஆனால் கோபம் அதற்கு முன்னாலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு ஆள் என்று கண் முதலில் சொன்னது. பிறகு கண்ணுக்கே சந்தேகம் வந்தது. ஒரு சட்டைக் கையிலிருந்து நிறைய விரல்கள் வந்தன. தோளுக்குள்ளிருந்து இன்னொரு முகத்தின் பாதி. அந்த முகத்தின் வாய்க்குள் வேறொருவரின் கண் இமைத்தது. ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண்ணின் ஈரக் கூந்தல். இடுப்பருகே, வயிற்றுத் துணியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, ஒரு சின்ன நெற்றி. எல்லோரும் ஒரே இடத்தில். ஒருவர்மேல் ஒருவர் இல்லை, ஒருவருக்குள் ஒருவர். மூச்சுவிட இடமில்லாமல் அந்த உருவம் இரைத்தது.

"எடம் பத்தலம்மா," என்றது. ஒரே வாயில் பல குரல்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நெருக்குது. எங்க எடத்துல விடு."

"என்ன அங்க? யார்கிட்டப் பேசுற?" என்று உள்ளேயிருந்து கணவன் கேட்டான்.

அவள் அந்தச் சின்ன நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயது மூன்று என்று அவள்தான் அடித்திருந்தாள், இந்த விரலால். அழுகை வருகிறதென்று நினைத்தாள். அழுகை இல்லை அது.

"வாங்க," என்றாள். "எடம் எனக்குத் தெரியும்."

முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் பின்னால் ஒரே ஒரு ஜோடிக் கால், எதையோ சுமக்கமாட்டாமல் சுமப்பதுபோல இழுத்து இழுத்து வந்தது. கடைத்தெருவில் நடைபாதைக் கூட்டம் ஏனென்று தெரியாமலே விலகி வழி விட்டது. ஒரு கைக்குழந்தை அம்மாவின் தோளிலிருந்து அவளுக்குப் பின்னால் பார்த்து வீறிட்டது. பாலத்தில் ஏறும்போது தூறல் பிடித்தது. அப்போது கால்கள் பிரிய ஆரம்பித்தன. ஒரு ஜோடி மூன்றானது. மூன்று கூட்டமானது. ஈரச் செருப்புகளின் சளக் சளக். ஒரு கொலுசு. பாலம் இறங்கினாள்.

திருப்பம்.

அவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அவரவர் இடத்துக்கு. அவள் புள்ளி வைத்திருந்த அதே இடங்களுக்கு. பால் வண்டிக்காரர் வெள்ளைக்கோட்டின் அருகே. புதுப்பெண் பள்ளத்தின் விளிம்பில். குழந்தை சாலைக்கு நடுவில். நின்றார்கள். வண்டிகள் வரும் திசையைப் பார்த்தார்கள்.

ஒரு லாரியின் வெளிச்சம் வந்தது. யோசிக்காமல் ஓடிப்போய்க் கையைத் தூக்கினாள். லாரி முனகிக்கொண்டு வேகம் குறைத்தது.

"சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார். மெதுவாகக் கடந்துபோனார். நின்றவர்கள் அசையவில்லை, லாரி அவர்களினூடே புகைக்குள் போவதுபோலப் போயிற்று. அடுத்தது வேன். கை தூக்கினாள். ஒரு கார். தூக்கினாள். தோள் வலித்தது. மழை வலுத்தது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகங்கள் வண்டியைப் பார்த்தன, பிறகு அவள் கையைப் பார்த்தன.

பிறகு அந்த வெள்ளைக் கார் பாலத்தின் உச்சியில் தெரிந்தது.

வண்டி எண்ணைப் படிக்கத் தேவையில்லை. தினமும் அலுவலக வாசலில் நிற்கிற வண்டி. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் தானே ஓட்டி வந்தார், காதில் போன், சிரித்துப் பேசிக்கொண்டு. ஈரச் சாலை. நல்ல வேகம்.

அவள் கை பாதி உயரம் வந்திருந்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

கையை இறக்கினாள்.

அவர்கள் அந்தக் காரைத் தொடக்கூட இல்லை. மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். மிச்ச வேலையைச் சாலையே பார்த்துக்கொண்டது. வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவியது. உள்ளே அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. விளிம்பு. வெளிச்சம் ஒருமுறை வானத்தைத் தடவிவிட்டுக் கீழே போயிற்று. கல்லில் இரும்பு. மறுபடியும் கல்லில் இரும்பு. அப்புறம் ஹாரன் மட்டும், விடாமல், யாரோ அதன்மேல் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல.

அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன். அடிவயிறு வரை இனித்தது.

ஹாரன் நின்றது.

மழைச் சத்தத்துக்கு நடுவே பள்ளத்துப் பக்கத்திலிருந்து யாரோ சரளைக்கல்லில் ஏறி வருவது கேட்டது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஏனென்றால் பாலத்தின்மேல் அடுத்த வெளிச்சம் தெரிந்துவிட்டது.

இருசக்கர வண்டி. ஓட்டுகிற ஆண். பின்னால் பெண், மழைக்குத் தலையை அவன் முதுகில் கவிழ்த்தபடி. முன்னால் டேங்க்கின்மேல் மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு குழந்தை. மழை இன்னும் வலுப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற வேகம்.

நின்றவர்கள் ஒதுங்கினார்கள். வழி விட்டார்கள். காருக்கு விட்ட மாதிரியே.

"வேண்டாம்," என்றாள். "இவங்க இல்ல. இவங்க இல்ல!"

யாரும் கேட்கவில்லை. எல்லா முகங்களிலும் அவள் நெஞ்சில் இருந்த அதே கோபம். அதற்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை.

கையைத் தூக்கினாள். தூக்க வரவில்லை.

பின்னாலிருந்து மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள். இன்னொரு கையையும். உதறினாள். விடவில்லை. முன்பு அவளைத் தாண்டும்போது உரசிப்போன ஒவ்வொருவரும் ஐஸாகக் குளிர்ந்திருந்தார்கள்.

இந்த விரல்கள் இன்னும் சூடாக இருந்தன.

வண்டி திருப்பத்துக்குள் நுழைந்தது. மழையில் கைகளைப் பின்னுக்குக் கொடுத்து நிற்கிற அவளை முன்னாலிருந்த குழந்தை பார்த்தது. பார்த்து, சிரித்து, கையசைத்தது.