மெஷினுக்குப் பின்னால் இருக்கும் காற்று

ஆகஸ்ட் பதினோராம் தேதி, பகல் ஒரு மணியளவில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில், ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தன் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். கை எட்டும் தூரத்தில், கட்டிலில், அவருடைய கணவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

கணவர் ஒரு நாளிதழின் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர். விடிந்த பிறகு வீடு வந்து, ஜன்னலில் கனத்த திரையை இழுத்துவிட்டு, பகலை இரவாக்கிக்கொண்டு தூங்குவார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அவருக்கு. மூக்கின் மேல் மாஸ்க்கை மாட்டி, குழாய் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சிறிய மெஷின் ஒன்று சில மாதங்களுக்கு முன்புதான் அந்த வீட்டுக்கு வந்திருந்தது. அன்று சாயங்காலம் கண் விழித்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மனைவியின் குனிந்த தலையைப் பார்த்து, “இன்னுமா அந்தச் சட்டை முடியலை?” என்று கேட்டார். பதில் வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டார். சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ போட்டு எடுத்து வந்தார்.

நவம்பரில், மெஷின் கொடுத்த நிறுவனத்துக்கு அந்த வீட்டு மகள் போன் செய்தாள்.

“மெஷின்ல ஒரு வாடை வருதுங்க. அப்பா போட்டுக்கவே மாட்டேங்கறாரு.”

“என்ன மாதிரி வாடைம்மா?”

“எண்ணெய் மாதிரி. மெஷின் எண்ணெய்.”

“அந்த மெஷின்ல எண்ணெயே கிடையாதே!”

மறுநாள் காலை ஒருவரை அனுப்பினார்கள். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். போகிற வீடுகளில் எல்லாம் அவருக்கு ‘சர்வீஸ் அக்கா’ என்றுதான் பெயர். வாடைப் புகார் அவருக்குப் புதிதல்ல. ஒரு வீட்டில், மெஷினில் காற்றை ஈரப்படுத்த இருக்கும் சின்னத் தண்ணீர்த் தொட்டிக்குள் பன்னீர் ஊற்றி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் மூக்கடைப்புக்கு நல்லது என்று தலைவலித் தைலம். மற்றொரு வீட்டில் குழாய்க்குள் ஒரு பல்லி போய்ச் செத்துக் கிடந்தது.

படிக்கட்டில் வெளிச்சம் குறைவாக இருந்தது. கதவைத் திறந்த மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சரியாகத் தூங்கிப் பல நாளானது முகத்தில் தெரிந்தது.

“வாங்கக்கா. அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. இப்பல்லாம் அவரு தூங்கறதே இல்லை.”

திரை போட்ட அறை. கட்டிலை ஒட்டி ஒரு மேசை. மேசை மேல் சதுரமாக ஓர் இடம் மட்டும் வெளுக்காமல், பழைய நிறத்தோடு இருந்தது. தையல் மெஷின் இருந்த இடம். அதை அடுத்த தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, ஊசி, நூல், கத்தரிக்கோல் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். காலியான இடத்தில் இப்போது மூச்சு மெஷின் இருந்தது. அதற்குப் பின்னால், கட்டிலைப் பார்த்தபடி ஒரு முக்காலி. அதை யாரும் எடுக்கவில்லை.

அச்சுக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாகப் போயிருந்தார்.

“உங்க கையிலயே மை வாடைதான் ஐயா அடிக்குது. அதைத்தான் மெஷின் வாடைன்னு சொல்றீங்களோ?” என்றார் சர்வீஸ் அக்கா, பேச்சுக்கு.

“முப்பது வருஷமா மை வாடையிலதான்மா சோறு திங்கறேன். அது எனக்கு வாடையே இல்லை” என்றார் அவர்.

சர்வீஸ் அக்கா மெஷினின் தூசி வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். சுத்தம். தொட்டியில் பாசி இல்லை, சோப்பு வழவழப்பு இல்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். மாஸ்க்கை மோந்து பார்த்தார். மெஷினை ஓடவிட்டு முகத்தருகே வைத்தபோது மட்டும், மெலிதாக, எண்ணெய். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். மோட்டாரில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து வடிகட்டி, குழாய், மாஸ்க் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மறுபடி போன். இப்போது எண்ணெயோடு சூடான துணி வாடையும் வருகிறதாம். ஈரத் துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அது.

தண்ணீரைச் சூடாக்கும் தகடு கருகுகிறது என்று சர்வீஸ் அக்கா பயந்தார். அது பயப்பட வேண்டிய விஷயம்தான். பெட்டி பிரிக்காத புது மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மதிய வெயிலில் அந்தப் படிகளை ஏறினார்.

பழையதை எடுத்துக் கீழே வைத்தார். புதிதை மேசையில் வைத்தார். பழைய திருகாணி ஒன்றுகூட மிச்சமில்லை.

“இனிமே வாடைக்கு வேலையே இல்லை ஐயா. ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இது தானா எந்த வாடையையும் உண்டாக்காது. பின்பக்கம் இந்த ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியா ரூம்ல இருக்கிற காத்தை இழுக்கும். முன்னாடி தள்ளும். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும். பின்னால என்ன இருக்கோ, அதுதான் உங்க மூக்குக்கு வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான், அப்பாவும் மகளும் மெஷினுக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்தார்.

முக்காலி காலியாகத்தான் இருந்தது.

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டு அடங்கியது. அறைக்குள் மெஷினின் மெல்லிய இரைச்சல் மட்டும். சர்வீஸ் அக்கா புது மாஸ்க்கைத் தன் மூக்கின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

முதலில் புதுப் பிளாஸ்டிக்கின் வாசம்.

பிறகு எண்ணெய்.

பிறகு, சூடான ஈரத் துணி.

அதற்கும் அடியிலிருந்து, வேறொன்று வந்தது.

கிராம்பு.

மோட்டார் கருகலாம், ரப்பர் நாறலாம், தொட்டியில் பூஞ்சை பிடிக்கலாம். எந்தப் பாகம் கெட்டாலும் கிராம்பு மணக்காது. காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கிராம்பு அப்படி வரவில்லை.

வந்தது. நின்றது. வந்தது.

யாரோ வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, மெஷினின் பின்பக்கம் முகத்தைச் சாய்த்து, மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல.

பழைய வேலையின் பழக்கம் விடவில்லை. தன்னையறியாமல் அந்த மூச்சுகளை எண்ணத் தொடங்கினார். இடைவெளி நீண்டுகொண்டே போனது. இப்படிப்பட்ட மூச்சை வார்டுகளில் அவர் எத்தனையோ படுக்கைகளின் அருகில் நின்று பார்த்திருக்கிறார். அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

வந்தது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

வந்தது.

பிறகு வரவில்லை.

மாஸ்க்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பிளாஸ்டிக் வாசம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்கு உறைத்தது.

“நின்னுடுச்சா?” என்று அச்சுக்காரர் கிசுகிசுத்தார்.

சர்வீஸ் அக்கா ஆமென்று தலையசைத்தார். “கிராம்பு வாடை” என்றார்.

“தினமும் இதே ஒரு மணிக்குத்தான்மா. அன்னைக்கு நான் தூங்கிட்டேன் இல்ல. அதான் இப்ப முழிச்சிருந்து பாத்துக்கிட்டிருக்கேன்.”

கதவருகில் நின்ற மகள் நிமிர்ந்தாள்.

“கிராம்பா அக்கா? எனக்கு எண்ணெய் வாடை மட்டும்தான் வந்துச்சு.” மெஷினையே பார்த்தபடி சொன்னாள். “அம்மா ஒரு வாரமா கிராம்பை அடக்கிக்கிட்டே இருந்தாங்க. தாடை வலிக்குது, பல்லுதான்னாங்க. பல் டாக்டர்கிட்ட போலாம்னேன், தைக்கக் குடுத்த துணியெல்லாம் முடிச்சுட்டு வரேன்னாங்க. அது பல்லே இல்லையாம். நெஞ்சு வலி தாடையிலயும் காட்டுமாம். எல்லாம் முடிஞ்சப்புறம் டாக்டர் சொன்னாரு.”

அச்சுக்காரர் மெஷினைத் தாண்டிக் கையை நீட்டி முக்காலியைத் தொட்டார்.

“இந்த முக்காலியில உக்காந்து தைச்சாத்தான் என் மூஞ்சி அவளுக்குத் தெரியும்” என்றார் அச்சுக்காரர். “என் மூச்சு நின்னா எட்டி ஒரு இடி இடிப்பா. அத்தனை வருஷமும் இடிச்சா. உங்க குறட்டையைக் கேட்டுட்டுக் கீழ்வீட்டுப் பிள்ளைங்க லாரி வந்திருக்குன்னு வெளிய ஓடிப் பாக்குதுங்கன்னு கேலி வேற. மெஷினு வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னவளும் அவதான். அது வந்த அன்னைக்கு, இனிமே என் முழங்கைக்கு ரெஸ்டுன்னு சொன்னா.” கொஞ்சம் நிறுத்தினார். “என் மூச்சு நின்னப்பல்லாம் அவ முழிச்சிருந்தா. அவ மூச்சு நின்னப்ப நான் இந்த மெஷினைப் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கினேன். இதை எடுத்துட்டுப் போயிடும்மா. எனக்கு வேண்டாம். வர்றது வரட்டும்.”

“வர்றது வரட்டும்னா?” மகள் உள்ளே வந்துவிட்டாள். “எனக்கு யாரு இருக்கா? மாஸ்க் இல்லாம எப்படித் தூங்குவீங்க? தூக்கத்துலயே போயிட்டா?”

“அவ கூப்பிடறாம்மா.”

“சாப்பிட வாங்கன்னு அம்மா கூப்பிட்டாலே நீங்க அரை மணி நேரம் கழிச்சுத்தான் போவீங்க. இதுக்கு மட்டும் என்ன அவசரம்?”

அச்சுக்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் உடைந்தது. சர்வீஸ் அக்காவிடமிருந்து மாஸ்க்கை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வீஸ் அக்கா மெஷினை எடுத்துப் போகவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் இங்கேயே இருக்கட்டும் என்றார். கிளம்புமுன், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி, மாஸ்க்கை அவருக்கு மாட்டிப் பார்த்தார். அது முகத்தில் நிற்கவில்லை. துக்கத்தில் முகம் வற்றிப்போயிருந்தது. தலையைச் சுற்றி வரும் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கன்னத்தோரம் காற்று பீச்சியடித்தது.

“இதைவிடச் சின்னப் பட்டை இப்ப எங்ககிட்ட இல்லை. வந்ததும் நானே கொண்டு வரேன்” என்றார் மகளிடம், வாசலில். “அதுவரைக்கும் அவரை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லும்மா. பக்கத்துலயே இரு.”

படிக்கட்டில் இறங்கும்போது தன் விரல்களை மோந்து பார்த்தார். பிறகு தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டார்.

அடுத்த வாரம், மகள்தான் முதலில் கூப்பிட்டாள்.

“அக்கா, பட்டையைச் சரி பண்ண உங்க ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரலையே. பட்டையே இன்னும் வரலை.”

“கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

அச்சுக்காரர் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்க் மேசை மேல் இருந்தது.

“நேத்து ராத்திரி நான் வேலைக்குப் போனப்ப இது இங்கதான் கிடந்துச்சு” என்றார்.

“நான் தொடலை அக்கா. எனக்குப் பட்டன் வைக்கக்கூடத் தெரியாது. வீட்டுல ஊசியே கிடையாது” என்றாள் மகள்.

சர்வீஸ் அக்கா மாஸ்க்கை எடுத்து ஜன்னலோரம் போய்த் திரையை விலக்கிப் பார்த்தார். பட்டையின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நிறப் பட்டைக்குச் சாம்பல் நிற நூல். தையல்கள் எள்ளளவு, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல், கன்னத்தில் உறுத்தாதபடி வெளிப்பக்கமாகப் போட்டிருந்தன. நூலின் முனையை யாரும் கத்தரிக்கவில்லை. பல்லால் கடித்து அறுத்திருந்தார்கள்.

முனை இன்னும் ஈரமாக இருந்தது.

“வாடை?” என்று கேட்டார்.

“வருது” என்றார் அச்சுக்காரர்.

அவர் மாஸ்க்குக்காகக் கையை நீட்டினார். சர்வீஸ் அக்கா கொடுத்தார். அவரே மாட்டிக்கொண்டார். எங்கும் காற்று கசியவில்லை. முக்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அன்று ஒரு மணியைத் தாண்டியும் அவர் விழிக்கவில்லை. சாயங்காலம் எழுந்து, சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போனார். மெஷினில் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று நிறுவனம் அந்தப் புகாரை முடித்துக்கொண்டது.