ஹலோ... கறிக்கடைங்களா?

ட்ரிங்... ட்ரிங்...

ஹாலில் லேண்ட்லைன் அலறியது. இவாஞ்சலின் வெங்காயக் கையோடு ஓடி வந்து எடுத்தாள்.

"ஹலோ... கறிக்கடைங்களா?"

ஒரு வாரமாக இதே ஆண் குரல். இதே கேள்வி. ஆம்பூரில் ராங் நம்பருக்குக்கூட பிரியாணி ஞாபகம்தான்!

இவாஞ்சலின் வேலூரில் நர்ஸ். போனில் உஷார். தன் பெயரைச் சொல்ல மாட்டாள். நம்பரையும் சொல்ல மாட்டாள். உங்களுக்கு எந்த நம்பர் வேணும் என்று திருப்பிக் கேட்பாள். எதிர்முனை உளறும். வைத்துவிடுவாள்.

கணவன் ஜெஸ்டனிடம் புகார் செய்தபோது, பாவம், பசியில் கூப்பிடுகிறான் போல என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை தங்கை தேவகிருபையின் கல்யாணம். அதற்காகத்தான் லீவு போட்டு வீட்டோடு இருந்தாள். கலவை ஊரிலிருந்து அம்மா அவளை நம்பி அனுப்பிய கல்யாண நகை அத்தனையும் பீரோவில். சாவி இடுப்பில். அந்த நகை போனால் கல்யாணம் போகும்... அம்மாவும் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை.

போன் அடித்தது. இந்த முறை வேறு குரல். பதற்றம்.

"மேடம், ஷூ ஃபேக்டரிலேர்ந்து பேசறோம். ஜெஸ்டன் சார் கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. வேலூருக்குத் தூக்கினு போறாங்க. உடனே வாங்க."

ஜெஸ்டனின் செல்லுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு வஜீதா வழிமறித்தாள். இவாஞ்சலின் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னா சொல்ற இவா? இன்னிக்கு ஜும்மா. ஃபேக்டரி பூட்டிக் கெடக்கு. அங்க வேலை செய்ற எங்க வீட்டுக்காரரே தொழுகைக்குக் குளிச்சினு இருக்காரு."

இவாஞ்சலினின் கால்கள் நின்றன.

ஷிப்மென்ட் அவசரம், வெள்ளிக்கிழமையும் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவன் ஜெஸ்டன்.

உள்ளூர்த் திருடன் என்றால் ஜும்மா லீவு அவனுக்குத் தெரியும். வெளியூர்த் திருடன் என்றால் ஜெஸ்டனைத் தெரியாது. ஜெஸ்டன் காலையில் சொன்ன பொய்யைத் தெரிந்தவன்தான் இப்படிக் கூப்பிட முடியும்.

அதைச் சொல்லிக் கொடுத்தவன்...?

அவள் வஜீதாவின் ஜன்னலோரம் நின்றாள்.

கொஞ்ச நேரம்தான். ஜெஸ்டன் வந்தான். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தான். தன் சாவியால் திறந்து உள்ளே போனான்.

அவள் பூனை போலப் பின்னால் நுழைந்தாள். பெட்ரூமில் பீரோக் கதவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கைங்க மாட்டிச்சு? காட்டுங்க... கட்டுப் போடறேன்."

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்தது.

தெரியாமப் பண்ணிட்டேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் கக்கினான். இரண்டு குரலும் ஒருவனுடையதுதான். திமிரியில் மிமிக்ரி பண்ணுகிற தோஸ்த். அவள் எப்போது வெளியே போவாள் என்று பார்க்கத்தான் கறிக்கடை போன். அவள் போகவே இல்லை என்பதால்தான் விபத்துக் கதை.

"எதுக்கு? யாருக்காக?"



ட்ரிங்... ட்ரிங்...

ஜெஸ்டன் பாய்ந்தான். அவள் முந்திக்கொண்டாள். எடுத்தாள். பேசவில்லை.

"மாமா... அக்கா வேலூர் கிளம்பிடுச்சா? செல்லு ஆஃப்ல இருக்கேன்னு இதுல அடிச்சேன். நகைய எடுத்துட்டீங்களா? பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறேன். சீக்கிரம் வாங்க மாமா, பயமா இருக்குது."

தேவகிருபை! திங்கட்கிழமை கல்யாணப் பெண்!

தூக்கி வளர்த்த தங்கை. காய்ச்சல் வந்தால் நைட் டூட்டி முடித்த கையோடு கலவைக்கு ஓடி மாத்திரை கொடுத்த தங்கை.  ரிசீவர் நனைந்தது.

முந்தானையால் துடைத்தாள். ரிசீவரைத்தான்.

"கிருபா, அங்கயே நில்லு. மாமாவை அனுப்பறேன். நகை வராது."

வைத்தாள்.

ஜெஸ்டன் தலையைத் தொங்கப் போட்டபடி வாசலுக்கு நகர்ந்தான். பாக்கெட்டில் கை விட்டான்.

"பைக் சாவிய வச்சிட்டுப் போங்க" என்றாள் இவாஞ்சலின். "அது எங்கப்பா குடுத்தது."

சாவியை வைத்தான்.

"தங்கச்சியும் எங்கப்பா குடுத்ததுதான்... அத நீங்களே வச்சிக்கங்க."