பதினைந்தாம் வட்டாரத்துப் பிணம்

ஜெர்மனியின் வானத்தில் எண் இல்லாமல் ஒரு ஈ கூடப் பறந்ததில்லை. அப்படிப்பட்ட ஒழுங்கு. அப்படிப்பட்ட தேசம்.

வெண்டலின் ஹார்ட்கேயின் எஞ்சின் இல்லாத கிளைடரிலும் எண் இருந்தது. டி-15-341.

விழுந்தபோதும் இருந்தது.

1938, ஆகஸ்ட். ஹெல்லர்பெர்க் குன்றின் அடிவாரத்து ஓட்ஸ் வயல். கிளைடர் தலைகீழாகக் கிடந்தது. அதன் அடியில் வெண்டலின். நேற்று வரை போட்டியில் முதலிடம்.

சற்றுத் தள்ளிப் பட்டறைக்காரன் கீலியான் ரோடர். கையில் விலங்கு.

"நாசவேலை," என்றார் எகோன் ட்ராவ்ட்லீப். பதினைந்தாம் வட்டாரத்தின் பறப்புத் தலைவர். மார்பு நிறையப் பதக்கம். கிளைடரில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் ஏறியதே இல்லை. "கடைசியா இதுல கை வச்சவன் இவன்தான். பெர்லினுக்குச் சொல்லிட்டேன். சாயங்காலம் கார் வரும்."

அந்தக் காரில் ஏறிய யாரும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை.

கீலியான் விலங்கோடு கையை நீட்டினான். "இன்ஸ்பெக்டர் சார்... நான் ஒண்ணும் பண்ணல சார்."

இன்ஸ்பெக்டர் ஃபோல்க்மார் ஹெஸ்ஸிக் கிளைடரைச் சுற்றி வந்தார். முறிந்த இறக்கையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதில் முழ உயர எழுத்துகள்.

"இவ்வளவு பெருசா எதுக்கு, தலைவரே?"

"மேடையில இருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" தலைவரின் குரல் கனத்தது. "டி-ன்னா ஜெர்மனி. நடுவுல இருக்கிறது வட்டாரம். கடைசி எண், அந்த வட்டாரத்துல இது எத்தனாவது கிளைடர்ங்கிறது. ஜெயிச்சா நடு எண்ணைத்தான்யா எல்லாரும் பார்ப்பாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாக்கத்தியை எடுத்தார். இறக்கையின் பின்விளிம்பில் ஆடும் பலகையைச் சுரண்டினார்.

கறுப்பு. அதற்கடியில் வெள்ளை.

மறுபடி கறுப்பு... மறுபடி வெள்ளை...

"கீலியான், இது எத்தனை கைமாறிச்சு?"

"பதினோராம் வட்டாரத்துல செஞ்சது சார். அப்புறம் எட்டுக்குப் போச்சு. போன வாரம் தலைவர் இங்க வாங்கிட்டு வந்தார். வட்டாரம் மாறினா எண்ணும் மாறணும்ல? பழசைச் சுரண்டிட்டு எழுத நாள் இல்ல. மேலேயே அடிச்சோம்."

"ஆடுற பலகை மேலயுமா?"

"எழுத்து பெருசா வேணும்னாங்க."

"பலகை கனமாயிடும்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார். தலைவர் வணக்கம் வைடான்னார். வச்சேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நாசவேலை இல்ல, தலைவரே. பெயிண்ட். பின்பக்கம் கனம் ஏறின பலகை, வேகம் கூடினதும் கொடி மாதிரி படபடக்கும். இறக்கையையே பிச்சுடும். பையனைக் கொன்னது உங்க பதினைஞ்சு."

தலைவர் வெளிறிப்போனார். பதக்கங்கள் மட்டும் பளபளத்தன.

பிறகு... மெல்லச் சிரித்தார்.

"விலங்கைக் கழட்டுங்க. கீலியான், பெயிண்டை எடுத்துட்டு வா. பதினைஞ்சை அழி. முதன்முதல் இருந்த எண்ணை எழுது. டி-11-207."

"தலைவரே, இது சாட்சி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாருக்குச் சாட்சி? எண் பதினொண்ணுன்னா விபத்து அவங்களுது. கிளைடர் அவங்களுது. செத்தவனும் அவங்களுக்குப் பறந்தவன். வழக்கும் அவங்க ஊர் போலீசோடது. நீங்க வீட்டுக்குப் போய் காபி குடிங்க."

கீலியான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "எழுதினா என்னை விட்டுருவாங்களா சார்?"

இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"எழுதுப்பா," என்றார் தரையைப் பார்த்து.

கீலியான் எழுதினான். அவன் எழுதியதிலேயே அழகான பதினொன்று அதுதான்.

சாயங்காலம் கார் வந்தது. இறங்கிய இரண்டு பேரில் ஒருவன் தலைவரைப் பார்த்தான்.

"நாசவேலைக்காரன் எங்க?"

"நாசவேலையா? விபத்துதான். அதுவும் எங்க கிளைடர் இல்ல," என்றார் தலைவர். "ஆனா ஒண்ணு. அரசாங்க எண்ணைத் திருத்தி எழுதிட்டிருந்த ஒருத்தனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கோம். கையைப் பாருங்க. பெயிண்ட் காயவே இல்ல."

கீலியான் இன்ஸ்பெக்டரைத் தேடினான்.

இன்ஸ்பெக்டர் காபி குடிக்கப் போயிருந்தார்.

கார் கதவு சாத்திக்கொண்டது. ஓட்ஸ் வயலில் சக்கரத் தடம் மட்டும் மிச்சம்.

தலைவர் இரங்கல் மேடை ஏறினார். முன்னால் ஐந்நூறு பேர். வெண்டலினின் அம்மா முதல் வரிசையில். தியாகம், தேசம், வானம் என்று அரைமணி நேரம் பேசினார். பல பேர் அழுதார்கள். கடைசியில் கொடிக்கு வணக்கம் வைக்கத் திரும்பினார்.

பேச்சை எழுத அவர் உட்கார்ந்தது அந்த இறக்கையின் மேல்தான்.

சாம்பல் நிறக் கால்சட்டையின் பின்புறத்தில் பதினொன்று இருந்தது.